புரட்சி வீதியிலே ஒரு வீடு

மணமுடித்து, உத்தியோகம் ஒன்றில் அமர்ந்து, நகர்ப்புறத்திலே வசதியான ஒரு வீட்டையும் தேடிக்கொண்டு நிலைபெறுதல் மனித வாழ்வின் நிறைவா, அன்றி இளமைக் கனவுகளின் முடிவா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டு மேலைத்தேய எழுத்தாளர் பலரை அலைக்கழித்த வினாவாகும். இதற்கு எளிய விடைகள் இரண்டுண்டு. இல்லமே நிறைவு, கட்டற்றுத் திரிதல் இளமையின் மயக்கம் என்பது ஒன்று. இல்லம் சிறை; அதனை உடைத்து வெளியேறுபவனே மனிதன் என்பது மற்றையது. முன்னைய விடை பெரியோரின் தலையசைப்பைப் பெறும். பின்னைய விடை இளைஞரின் கைதட்டலைப் பெறும். இவ்விரண்டினையும் ஏற்க மறுத்து, வினாவையே வேறொரு வகையில் எழுப்பும் படைப்புகள் சிலவே. 2008ஆம் ஆண்டிலே சாம் மென்டிஸ் என்னும் ஆங்கில நெறியாளர் அமெரிக்காவில் உருவாக்கிய ‘றெவலூஷனறி றோட்’ என்னும் திரைப்படம் அச்சிலவற்றுள் வைத்து எண்ணத்தக்கது. ‘புரட்சி வீதி’ என்பது அப்பெயரின் பொருள்.

படத்துக்கு மூலம் றிச்சட் யேற்ஸ் 1961இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவல். அஃது அவருடைய முதல் நாவலாயினும் அடுத்த ஆண்டிலே அமெரிக்கத் தேசிய நூற்பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசு கிடைக்கவில்லை. ஆசிரியர் 1992இல் மறைந்தார். நாவல் திரைக்கு வர நாற்பத்தேழு ஆண்டுகள் சென்றன. ஜஸ்ரின் ஹேத் திரைக்கதை அமைக்க, றொஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு செய்ய, 1997இல் ‘ரைற்றானிக்’ படத்திலே காதலராக உலகறிந்த லியனாடோ டிகாப்பிறியோவும் கேற் வின்ஸ்லெற்றும் இதிலே கணவன் மனைவியராக நடித்தனர். முன்னைய படத்திலே அக்காதலரைக் கடல் பிரித்தது. இப்படத்திலே பிரிப்பதற்குக் கடலுமில்லை, பகைவருமில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்தலே போதுமானதாகின்றது.

தலைப்பு இங்கே வெறும் முகவரி அன்று. கனெற்றிகற் மாநிலத்துப் புறநகரொன்றிலே, 1955ஆம் ஆண்டிலே, பிராங்க் வீலரும் அவன் மனைவி ஏப்பிறிலும் தம் இரு குழந்தைகளுடன் வாழும் வீதியின் பெயர் அது. பிரித்தானிய ஆட்சிக்கெதிராக 1776இல் எழுந்த புரட்சியை அப்பெயர் நினைவூட்டுகின்றது. அப்புரட்சி திறந்துவைத்த வழி 1950களில் மேற்செல்ல இயலாத ஓரிடத்திலே வந்து நின்றுவிட்டது என்பதே தலைப்பின் குறிப்பென 1972இல் ஒரு பேட்டியிலே யேற்ஸ் விளக்கினார். போரிலிருந்து மீண்ட வீரர்க்குக் கல்வியும் வீட்டுக் கடனும் வழங்க 1944இல் இயற்றப்பட்ட சட்டமும், 1947 முதல் 1951 வரையிலே நியூயோர்க்கை அடுத்த லெவிற்றவுணில் எழுந்த பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட ஒரே மாதிரியான வீடுகளும் அக்காலத்தின் போக்கைக் காட்டுவன. போர் தின்ற இளமைக்கு ஈடாகப் புல்வெளியும் மோட்டார் வண்டியும் கிடைத்த காலம் அது. அவற்றைப் பெற்றவர் நன்றியுடையவராய் இருத்தல் வேண்டும் என்பது எழுதாத சட்டம். நன்றியோடு இருக்க இயலாத இருவரின் கதை இது.

படத்தின் தொடக்கத்திலே இரு காட்சிகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. முதலாவது காட்சியிலே, நியூயோர்க்கில் நிகழும் ஒரு விருந்தில் பிராங்க் ஏப்பிறிலைச் சந்திக்கின்றான். அவள் நடிப்புக் கலை பயில்பவள். அவன் துறைமுகத்திலே சுமை இறக்குபவன். அதனையும் வேடிக்கையாகவே பேசுகின்றான். என்ன தொழில் செய்து பிழைக்கின்றான் என்பதனை அறிய அவள் விரும்பவில்லை. எதில் நாட்டமுடையவன் என்பதனையே அறிய விரும்புகின்றாள். அவ்வினாவுக்கு அவன் நகைச்சுவையால் விடையிறுத்துத் தப்பிக்கொள்கின்றான். படம் முழுவதும் விடை பெறாது நிற்கும் வினா அதுவேயாகும். இரண்டாவது காட்சி ஆண்டுகள் பல கழிந்தபின் நிகழ்வது. ஊர் மக்கள் சேர்ந்து நடித்த நாடகமொன்று தோல்வியில் முடிகின்றது, திரை விழுகின்றது, தலைமைப் பாத்திரமேற்ற ஏப்பிறில் ஒப்பனை அறைக் கண்ணாடியின் முன்னே கண்ணீருடன் அமர்ந்திருக்கின்றாள். இடைப்பட்ட ஆண்டுகளை நெறியாளர் காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையுமில்லை. ஒரு வெட்டிலே நம்பிக்கையும் ஏமாற்றமும் அருகருகே நின்றுவிடுகின்றன.

அந்நாடகம் யாதென்பதனை நாவல் கூறுகின்றது. றொபேட் ஷேர்வூட் எழுதி 1935இல் மேடையேறிய ‘கற்காடு’ என்னும் பொருள்படும் நாடகம் அது. பாலைவனத்து உணவுச்சாலை ஒன்றிலே வேலை செய்யும் இளம்பெண், தன் தாய் பிறந்த பிரான்சுக்குச் செல்ல ஏங்குகின்றாள். அவ்வழியே வரும் நாடோடி எழுத்தாளன் தன் உயிரையே கொடுத்து அவள் செல்வதற்கு வேண்டிய பணத்துக்கு வழி செய்கின்றான். அப்பெண்ணின் வேடமே ஏப்பிறிலுக்கு. மேடையிலே பிரான்சு நோக்கி ஏங்கும் வேடத்தில் தோற்றவள், வீட்டிலே அதே ஏக்கத்தை வாழ்ந்து பார்க்க முற்படுகின்றாள். ஆயின் அவளுடைய வீட்டிலே உள்ளவன் உயிரையன்று, ஓர் உத்தியோகத்தைக் கூடக் கொடுக்கத் துணியாதவன். இவ்வொற்றுமையை யேற்ஸ் தற்செயலாக வைத்திருப்பார் என்று கொள்ளுதல் கடினம்.

நாடகம் முடிந்து திரும்பும் வழியிலே, இருண்ட வீதியோரத்தில் வண்டியை நிறுத்தி இருவரும் சண்டையிடுகின்றனர். அவன் கை ஓங்குகின்றான். அடி வண்டியின் மீது விழுகின்றது. நடிப்பு என்பதே இக்கதையின் உயிர்நிலை என்பது இங்கே புலனாகின்றது. மேடையிலே நடிக்கத் தெரியாதவள் என இழித்துரைக்கப்பட்டவள் ஏப்பிறில். ஆயின் வாழ்க்கையிலே ஓயாது நடிப்பவன் பிராங்க்.

பிராங்கின் குணவார்ப்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். நொக்ஸ் என்னும் வணிக இயந்திர நிறுவனத்திலே அவன் வேலை செய்கின்றான். அதே நிறுவனத்திலே அவன் தந்தையும் விற்பனையாளராக இருந்தவர். தந்தையைப் போல ஆகிவிடக் கூடாது என்று சிறுவயதிலே எண்ணியவன், தன் முப்பதாவது பிறந்த நாளிலே அதே நிறுவனத்தின் ஊழியனாக இருக்கின்றான். அதனை அவன் யாரிடம் சொல்லிக் கொள்கின்றான்? மனைவியிடம் அன்று; தட்டெழுத்துப் பகுதியிலே வேலை செய்யும் மொறீன் என்னும் பேதைப் பெண்ணிடம். தன் துயரத்தைக் கூட அவளைக் கவர்வதற்குரிய அணியாகவே அவன் பயன்படுத்துகின்றான். அன்று மாலை வீடு திரும்பும்போது மனைவியும் மக்களும் பிறந்தநாட் பணியாரத்துடன் காத்திருக்கின்றனர். மெழுகுதிரிகளின் ஒளியிலே அவன் முகத்திலே தோன்றும் நாணமும் அன்பும் கலந்த மெய்ப்பாடு டிகாப்பிறியோவின் நடிப்பிலே உயர்ந்த இடங்களுள் ஒன்று.

காலையிலே புகையிரதத்தால் இறங்கிச் செல்லும் ஆண்களின் கூட்டத்தைக் கமரா காட்டுகின்றது. எல்லார் தலையிலும் தொப்பி. எல்லாம் ஏறத்தாழ ஒரே நிறம். அக்கூட்டத்திலே பிராங்கைக் கண்டுபிடித்தல் எளிதன்று. தொப்பியணிந்தோர் அனைவரும் உணர்வற்றவர் என்று படம் கூறுவதாகச் சிலர் கொள்ளலாம். அக்கருத்துக்கு இடமளிப்பது காட்சியின் ஒரு குறையே. ஆயின் காட்சியின் கூர்மை பிறிதோரிடத்தில் உள்ளது. தொப்பிக் கூட்டத்தில் ஒருவனாய் இருப்பது பிராங்கின் துன்பமன்று. தான் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் என்று எண்ணிக்கொண்டே அதனோடு நடப்பது அவனுடைய இன்பம். விடுதலையை அவன் வேண்டவில்லை. விடுதலைக்குரியவன் என்று பிறர் தன்னை எண்ணுதலையே வேண்டுகின்றான். இவ்வேறுபாட்டிலேதான் கதை முழுவதும் தங்கியுள்ளது.

பிறந்த நாள் இரவிலே ஏப்பிறில் தன் திட்டத்தை வெளியிடுகின்றாள். வீட்டை விற்றுவிட்டுக் குழந்தைகளோடு பாரிசுக்குச் செல்ல வேண்டும். அங்கே வெளிநாட்டு அலுவல்களுக்கான அரசாங்கக் காரியாலயமொன்றிலே அவள் செயலாளராக வேலை செய்வாள். அவன் உழைக்க வேண்டியதில்லை. தன் உள்ளத்துக்கு உகந்தது யாதென்பதனைக் கண்டறிய அவனுக்கு ஓய்வு கிடைக்கும். போர்க்காலத்திலே படைவீரனாய்ச் சென்று பாரிசைக் கண்டவன் அவன். அந்நகரத்து மக்களே உயிர்ப்புள்ளவர் என்று காதற்காலத்திலே அவளிடம் பேசியவனும் அவனே. அவனுடைய பேச்சை அவள் நம்பினாள். அவள் செய்த பிழை அதுவொன்றேயாகும்.

இத்திட்டத்தை நகைப்பது எளிது. காரியாலயத்திலும் அயல்வீட்டிலும் உள்ளோர் முகத்துக்கு முன்னே வாழ்த்திப் பின்னே நகைக்கின்றனர். அயலவளான மில்லி கம்பெல் அழுதேவிடுகின்றாள்; அந்த அழுகையிலே பிரிவுத்துயரை விடப் பொறாமையும் அச்சமும் மிகுதி. எனினும் அத்திட்டத்தைக் கூர்ந்து நோக்கின், அதிலே உழைப்பு, ஊதியம், இடம் என்பன யாவும் தெளிவாயுள்ளன. அவை யாவும் ஏப்பிறிலின் பொறுப்பு. தெளிவற்றது ஒன்றே: பிராங்க் அங்கே என்ன செய்வான் என்பது. விடுதலை எதற்காக என்று கேட்டால் அவனிடம் விடையில்லை. எழுதுபவனல்லன், வரைபவனுமல்லன், இசைப்பவனுமல்லன். கலைஞர் வாழ்வின் உடையை விரும்பும் அவனிடம் கலை இல்லை.

இங்கே நாவலாசிரியரின் சொந்த வாழ்வு பொருத்தமான ஒளியைத் தருகின்றது. போருக்குப் பின் காசநோயுற்ற யேற்ஸ், படைவீரர்க்குரிய உதவித்தொகையுடன் 1951இல் ஐரோப்பாவுக்குச் சென்று, பாரிஸ் முதலிய இடங்களிலே தங்கிச் சிறுகதைகள் எழுதினார். பின்னர் அமெரிக்காவுக்கு மீண்டு, நொக்சைப் போன்றதொரு நிறுவனமாகிய றெமிங்ரன் றாண்டுக்கு விளம்பரக் கட்டுரைகள் எழுதிப் பிழைத்தார். வீலர் தம்பதிகள் செல்லாத பாரிசுக்குச் சென்றவரும் அவரே. பிராங்க் இகழும் தொழிலைச் செய்தவரும் அவரே. இரண்டு இடத்திலும் அவர் எழுதினார். ஆகவே பாரிஸ் நல்லது, புறநகர் தீது என்னும் எளிய பிரிவினையை இக்கதையின் மீது ஏற்றுதல் பொருந்தாது. உள்ளத்திலே பணியொன்று உடையவன் அதனை எங்கேயும் எடுத்துச் செல்வான். அஃதில்லாதவனுக்குப் பாரிசும் மற்றொரு வீதியே.

திட்டம் முறிவதற்குக் காரணங்கள் இரண்டு ஒன்றாய் வந்து சேருகின்றன. பாரிசுக்குப் போகப் போகின்றோம் என்னும் அலட்சியத்தினால் பிராங்க் வேடிக்கையாகச் சொல்லிப் பதிவு செய்த ஒரு கந்தோர்க் குறிப்பு மேலதிகாரியின் மெச்சுதலைப் பெறுகின்றது. கணனி விற்பனைத் துறையிலே உயர்ந்த பதவியும் ஊதியமும் வழங்கப்படுகின்றன. வேலையை மதியாதபோதே அவன் அதனை நன்கு செய்தான் என்பது கதையின் கசப்பான நகைச்சுவை. மெச்சப்பட்டதும் அவன் மகிழ்கின்றான். இகழ்ந்த நிறுவனத்தின் பாராட்டு அவனுக்கு இனிக்கின்றது. மற்றைய காரணம் ஏப்பிறில் கருவுற்றிருத்தல். இச்செய்தியைக் கேட்டவுடன் அவன் முகத்திலே ஒரு கணம் தோன்றுவது கவலையன்று, ஆறுதல். மறுக்க முடியாத ஒரு சாட்டு அவனுக்குக் கிடைத்துவிட்டது.

கருவைக் கலைத்தற்கு ஏப்பிறில் வாங்கி வைத்த கருவியைக் கண்டெடுத்த பிராங்க் அறத்தின் குரலிலே பேசத் தொடங்குகின்றான். அக்காட்சியை விளங்கிக்கொள்ள அக்காலத்துச் சட்டத்தையும் அறிதல் நன்று. கனெற்றிகற் மாநிலத்திலே 1879இல் இயற்றப்பட்ட சட்டம் கருத்தடைச் சாதனங்களைப் பயன்படுத்துவதனையே குற்றமாக்கியிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965இலேதான் அதனைச் செல்லாததாக்கியது. கருக்கலைப்பு நாடு முழுவதும் 1973இல் அந்நீதிமன்றத்தால் அரசியலமைப்பு உரிமையென ஏற்கப்பட்டு, 2022இல் அதே நீதிமன்றத்தால் அவ்வேற்பு நீக்கப்பட்டது. எனவே 1955இல் ஏப்பிறில் எடுக்க நினைத்த முடிவு சட்டத்துக்குப் புறம்பானது. மருத்துவர் துணையின்றி, வீட்டின் தனிமையிலே, உயிருக்கு அஞ்சி எடுக்க வேண்டியது. இளமைக் கனவு குலைந்தது என்று ஆணும் பெண்ணும் ஒருசேர வருந்தலாம். ஆயின் அக்கனவுக்குரிய விலையை உடலாற் செலுத்துபவள் ஒருத்தியே.

கருக்கலைப்புச் சரியா, பிழையா என்னும் வழக்கிலே படம் தீர்ப்புச் சொல்லவில்லை. கருவிலுள்ள உயிரை எண்ணி வருந்துவோரும் அக்காட்சியிலே காண்பதற்கு ஒன்றுண்டு. பிராங்க் கூறும் வார்த்தைகள் நல்லவையே. ஆனால் அவை அவனுக்கு உரியவையல்ல. பிறவாத குழந்தையின் மீதுள்ள அன்பினால் அவன் பேசவில்லை; பாரிசுக்குப் போகாமலிருப்பதற்காகப் பேசுகின்றான். அறவுரை பொய்யாதற்கு அதன் பொருள் பொய்யாயிருக்க வேண்டியதில்லை. உரைப்பவன் உள்ளம் பொய்யாயிருப்பின் போதும். முதலாவது குழந்தை பிழையன்று என்று காட்டவே இரண்டாவது குழந்தை பிறந்தது என ஏப்பிறில் கூறுமிடம் கேட்போரைத் திடுக்கிட வைப்பது. ஒன்றை மெய்ப்பிக்க மற்றொன்று, அதனை மெய்ப்பிக்கப் பிறிதொன்று என இவ்வில்லறம் எழுந்துள்ளது. வீடும் அவ்வாறே, பதவியும் அவ்வாறே.

பொய் நிறைந்த இவ்வுலகிலே உண்மை பேசுபவன் ஒருவன் வருகின்றான். வீடு விற்பனைத் தரகு செய்யும் கிவிங்ஸ் அம்மையாரின் மகன் ஜோன், கணித அறிஞன். மனநோய் வைத்தியசாலையிலிருந்து பெற்றோரால் அழைத்துவரப்படுபவன். முப்பத்தேழு தடவை மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவன். நோய் போகவில்லை, கணிதமே போய்விட்டது. மைக்கேல் ஷனன் இரு காட்சிகளிலேதான் தோன்றுகின்றார். அவ்விரண்டும் அவருக்கு ஒஸ்கார் பரிசுக்குரிய பரிந்துரையைப் பெற்றுக்கொடுத்தன. முதல் வருகையிலே அவன் வீலர் தம்பதிகளின் முடிவை உளமார மெச்சுகின்றான். ஊரிலே அதனை விளங்கிக்கொண்டவன் அவனொருவனே. பயணம் கைவிடப்பட்டதை அறிந்த இரண்டாவது வருகையிலே, உணவு மேசையில் அமர்ந்தவாறே இருவரின் உள்ளத்தையும் உரித்து வைக்கின்றான். பிறக்கப்போகும் குழந்தையாகத் தான் இல்லாமைக்கு மகிழ்கின்றான்.

பித்தனின் வாயிலே உண்மையை வைத்தல் நாடக உலகிலே பழைய உத்தி. இங்கே அது ஓரளவு மிகையாகவும் அமைந்துள்ளது. காண்போர் தாமாகவே உணர்ந்திருக்கக் கூடியவற்றை ஜோன் விளக்கிச் சொல்லிவிடுகின்றான். ஆயினும் அவனுடைய உண்மையிலே அன்பில்லை என்பதனையும் படம் மறைக்கவில்லை. பொய் இவ்வீட்டை மெல்ல மெல்ல அழித்தது. அன்பற்ற உண்மை ஒரு மாலையிலே அழித்துவிடுகின்றது. அவ்விரவு கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் வெறுப்பதாக வாய்விட்டுச் சொல்கின்றனர்.

அடுத்த நாட் காலையிலே நிகழும் உணவுக் காட்சியே படத்தின் சிகரம். வீடு ஒழுங்காயிருக்கின்றது; சூரிய ஒளி மேசை மீது விழுகின்றது. ஏப்பிறில் தூய உடையணிந்து, முட்டை சமைத்துக் கொடுத்து, அவனுடைய புதிய வேலையைப் பற்றி அமைதியாகக் கேட்கின்றாள். அவன் திகைத்து, பின் மகிழ்ந்து, கணனி எவ்வாறு இயங்கும் என்பதனைக் கடதாசித் துண்டிலே வரைந்து காட்டுகின்றான். புறநகர் இல்லத்தரசி எவ்வாறிருக்க வேண்டும் என்று விளம்பரங்கள் காட்டினவோ அவ்வாறே அவள் அன்று இருக்கின்றாள். இதற்கு முன்னே மேடையிலே தோற்ற நடிகை இங்கேதான் குறையின்றி நடிக்கின்றாள். காண்போர்க்கு அது நடிப்பென்று தெரியும். எப்போதும் நடிக்கும் பிராங்குக்கு அது தெரியவில்லை. வின்ஸ்லெற் குரலை ஓரிடத்திலும் உயர்த்தாது, கையசைத்து வழியனுப்பி, கதவை மூடிய பின்னரே அழுகின்றார். அதன்பின் அவள் தனியே மாடிக்குச் செல்வதும், அகன்ற சாளரத்தின் முன்னே இரத்தக்கறையுடன் நிற்பதும், தானே தொலைபேசியில் உதவி கேட்பதும் வசனமின்றியே சொல்லப்படுகின்றன. மரணத்தைப் படம் காட்டவில்லை. வைத்தியசாலையிலே பிராங்கின் முகம் காட்டுகின்றது. இரவு வீதியிலே அவன் ஓடும் ஓட்டம் காட்டுகின்றது.

இத்துணைச் சிறப்புடைய படத்துக்குக் குறைகளும் உண்டு. முதலாவது, நாவலின் உயிராயிருந்த அங்கதம் படத்திலே பெரிதும் மறைந்துவிட்டது. யேற்ஸின் நாவலிலே பிராங்க் பேசுவதற்கு முன் தன் வார்த்தைகளை உள்ளத்திலே ஒத்திகை பார்க்கின்றான். பேசும்போது தன் முகம் எவ்வாறு தோன்றும் என்று எண்ணிப் பார்க்கின்றான். வாசகர் அவனை நோக்கி நகைக்கின்றனர். நகைத்தபடியே தம்மையும் கண்டு நாணுகின்றனர். திரையிலே அவ்வுள்ளோட்டத்துக்கு இடமில்லை. ஆதலின் நாவலிலே பாசாங்குக்காரனாயிருந்தவன் படத்திலே துன்பப்படும் நாயகனாகின்றான். இரண்டாவது, பெற்றோராற் கைவிடப்பட்டு உறவினரிடையே வளர்ந்த ஏப்பிறிலின் குழந்தைப் பருவம் படத்திலே விடப்பட்டது. அதனை அறிந்தவர்க்கே, ஒருவனுடைய பேச்சை அவள் ஏன் அத்துணை எளிதிலே நம்பினாள் என்பது விளங்கும். மூன்றாவது, குழந்தைகள் இருவரும் படத்திலே பெரும்பாலும் காணப்படுவதில்லை. பெற்றோரின் சண்டைக்கு இடையூறாகாது அவர்களை அயல்வீட்டுக்கு அனுப்பிவைத்தது கதை மாந்தர் மட்டுமன்று, நெறியாளருமே எனலாம். இல்லறமா விடுதலையா என்னும் வினாவிலே கேட்கப்பட வேண்டிய மூன்றாவது குரல் கேட்கப்படவேயில்லை. தோமஸ் நியூமனின் இசையும் துயரம் வருமுன்னரே துயரத்தை அறிவித்துவிடுகின்றது.

இதே உலகைப் பற்றி அக்காலத்திலேயே எழுந்த மற்றொரு கதையோடு ஒப்பிடின் இப்படத்தின் துணிவு விளங்கும். சுலோன் வில்சன் 1955இல் எழுதிய ‘சாம்பல்நிறக் கம்பளி உடை மனிதன்’ என்னும் பொருள்படும் நாவல் அடுத்த ஆண்டே கிறகறி பெக் நடிக்கப் படமாகியது. அதன் நாயகனும் போரிலிருந்து மீண்டவன். கனெற்றிகற்றிலிருந்து நியூயோர்க்குக் கந்தோருக்குச் செல்பவன். மனைவியிடம் மறைத்த போர்க்காலத்து உறவொன்றும் அவனுக்குண்டு. ஆயின் அவன் அதனை மனைவியிடம் ஒப்புக்கொள்கின்றான், இல்லம் காக்கப்படுகின்றது. அக்கதையின் முடிவு சற்று எளிதாகவே வந்துவிடுகின்றது என்பது மெய். எனினும் இரு கதைகளையும் பக்கத்திலே வைத்து நோக்குவோர்க்கு ஓருண்மை புலப்படும். இரண்டிலும் வீதி ஒன்றே, புகையிரதம் ஒன்றே, உடையும் ஒன்றே. வேறுபடுவது கணவன் மனைவியிடையே உண்மை நிலவியதா என்பது. பிராங்கும் தன் பிழையை ஏப்பிறிலிடம் ஒப்புக்கொள்கின்றான்; ஆனால் காலம் கடந்து, அதுவும் தன் பாரத்தை இறக்கிக்கொள்வதற்காக. ஏன் தன்னிடம் சொன்னான் என்று அவள் கேட்கும் கேள்வி, அந்த ஒப்புதலும் ஒரு நடிப்பே என்பதனை வெளிப்படுத்திவிடுகின்றது.

ஏப்பிறில் இறந்த பின்னர் ஊர் அவளைக் கதையாக்கிக்கொள்கின்றது. அவ்வீட்டுக்குப் புதிதாய் வந்த தம்பதிகளுக்கு மில்லி அத்துயரத்தை விருந்துப் பேச்சாய் எடுத்துரைக்கின்றாள். ஏப்பிறிலை மௌனமாய்க் காதலித்த அவள் கணவன் ஷெப் வெளியே சென்று நின்று, இனி அக்குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டாமென மனைவியிடம் வேண்டுகின்றான். நகரத்துப் பூங்காவொன்றிலே பிராங்க் தன் குழந்தைகளைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கின்றான். நடிப்பதற்கு எதிரிலே ஒருவருமில்லை. இறுதிக் காட்சியிலே, முன்பு வீலர் தம்பதிகளைத் தலைமேல் வைத்துப் போற்றிய கிவிங்ஸ் அம்மையார், அவர்கள் வீட்டைச் சரியாகப் பேணவில்லையெனக் குறைகூறிக்கொண்டே செல்கின்றார். காதி பேற்ஸ் அப்பேச்சை எவ்விதத் தீய எண்ணமுமின்றிப் பேசுகின்றார்; அதனாலேயே அது கொடியதாகின்றது. எதிரே அமர்ந்திருக்கும் அவருடைய முதிய கணவர் தம் செவிப்புலக் கருவியின் ஒலியை மெல்ல மெல்லக் குறைக்கின்றார். அம்மையாரின் வாய் அசைகின்றது, ஒலியில்லை. படம் முடிகின்றது.

அம்முதியவரும் இல்லறத்திலே நிலைபெற்றவரே. நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கு அவர் கண்ட வழி கேளாதிருத்தல். அதனைக் கண்டு திரையரங்கிலே சிரிப்பெழுதல் கூடும். சிரித்தவர் வீடு திரும்பும் வழியிலே சிந்திக்கவும் கூடும். பேசாதிருந்து காத்த இல்லம் ஒன்று. பொய் பேசி இழந்த இல்லம் மற்றொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டா என்பதனைப் படம் சொல்லவில்லை. ஆயின் அதன் இன்மையை உணர்த்துவதன் வாயிலாக அதன் தேவையை உணர்த்துகின்றது.

கல்விமுடித்து உத்தியோகமும் மணமும் எதிர்நோக்கி நிற்கும் இளைஞர்க்கு இப்படம் தரும் பாடம், வீட்டைத் துறந்து புறப்படுக என்பதுமன்று, கனவை மறந்து அடங்குக என்பதுமன்று. விருந்திலே ஏப்பிறில் கேட்ட வினா அவர்கள் முன்னும் நிற்கின்றது: எதில் நாட்டம்? அவ்வினாவுக்கு நேர்மையான விடையுடையவன் எவ்வீதியிலும் வாழலாம். ஒன்றிலும் பெரிய நாட்டமில்லை, எளிய தொழிலும் அமைதியான மனையுமே போதும் என்பதும் நேர்மையான விடையே. அதனை உரிய காலத்திலே பிராங்க் சொல்லியிருப்பின் ஏப்பிறில் அவனை விட்டு நீங்கியிருக்கலாம், அல்லது அவனோடு மனமொத்து வாழ்ந்திருக்கலாம். எவ்வாறாயினும் அவள் உயிரோடிருந்திருப்பாள்.